குறட்டையூர் ராஜா

ஷமீம் பானுவுக்குச் சொந்தமாக ஒரு நாடு இருக்கிறது. பெயர் குறட்டையூர். ராஜா முதல் காவல்காரன் வரை அங்கே எல்லோரும் படுத்துக்கொண்டேதான் வேலை பார்ப்பார்கள். கிளிகள் மட்டும் நின்றுகொண்டு சட்டம் போடும்.

காஞ்சிபுரத்தில் கலைவாணனின் பட்டுக்கடையில் பன்னிரண்டு வருடமாகப் புடவை மடித்துப் பெட்டியில் வைக்கிறாள் பானு. மடிப்பு கலையாமலிருக்க உள்ளே ஓர் அட்டை செருகுவாள். அதன் பின்பக்கம்தான் குறட்டையூர். யாரும் வரையச் சொல்லித் தந்ததில்லை; பில் போடும் பேனா போதும். வரைந்து, செருகி, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் பீரோவுக்கு அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல உட்கார்ந்திருப்பாள்.

போன மாதம் வாலாஜாபாத்திலிருந்து சுகாசினி என்ற புதுப்பெண் வந்து, தன் கல்யாணப் புடவைக்குள் இருந்த ஓர் அட்டையை நேரே முதலாளியிடம் நீட்டினாள்.

"இத யாருங்க வரைஞ்சாங்க?"

பானு பில் பேனாவைப் புடவைக்கு அடியில் தள்ளினாள். சும்மாவா? தொப்பையும் முறுக்கு மீசையுமாகக் கட்டிலில் மல்லாந்து கிடக்கும் ராஜா யார் என்று கடைக்கே தெரியும். சாப்பிட்டதும் கல்லாவிலேயே குறட்டை விடுகிறவர் வேறு யார்? வேலையும் போச்சு, நாடும் போச்சு என்று நினைத்தாள்.

கலைவாணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"அட, அச்சு அசல் நம்ம மச்சான் விக்னேஷுபா! அதே தொப்பை!"

விக்னேஷ் ஒல்லி.

"அட்டை செருகுறது நீதான பானும்மா? இத்தினி நாளா சொல்லவேயில்லியே! இனிமே பெட்டிக்கு ஒண்ணு வரைஞ்சி மேலயே வெச்சிடு, கஸ்டமருங்க பாக்கட்டும். என்னையும் ஒண்ணு வரை. கம்பீரமா இருக்கணும்."

வேலை தப்பியது. ஆனால் பானுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் பார்க்கவா அவள் நாடு கட்டினாள்? முதலாளி உத்தரவில் நடப்பது ஒரு நாடா?

மறுநாள் முதல் பெட்டிகளின் மேலே தாமரை, மயில், யானை. கலைவாணனைக் குதிரைமேல் உட்காரவைத்து வரைந்தாள். அவர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

இந்த வாரம் சுகாசினி தங்கைக்குப் புடவை எடுக்க வந்தாள். பெட்டியில் மயிலைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"அந்த ராஜா எங்கக்கா? அவருக்காகத்தான் இந்தக் கடைக்கே வந்தேன்."

பானு கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மணி இரண்டரை. முதலாளி நல்ல குறட்டையில் இருந்தார். பெட்டியை அவள் கையில் வைத்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"உள்ள அடியில கலர் தாள் ஒட்டிக்கினு இருக்குது பாரு. ஊட்டுக்குப் போயி மெதுவா உரிச்சிப் பாருமா. ராஜாவுக்குக் குதிரை வாங்கியாச்சு. அதுவும் தூங்குது."