ஐந்தாம் கோடு

என் மகளுக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும்போது அளவு மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மூன்று முறை பார்ப்பேன். மூன்றாவது முறையும் சந்தேகமாகவே இருக்கும். கணவர் சிரிப்பார். ஏரியில் நான் அளவு பார்த்த கதை அவருக்குத் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா நூம்பலுக்கு அருகே ஓர் ஏரியில் மதகுக் காவலராக இருந்தார். கரையோரம்தான் எங்கள் வீடு. எனக்கு எட்டு வயது. ஏரித் தண்ணீருக்கு இரண்டு பங்காளிகள். மதகைத் திறந்தால் கீழே வயல்களுக்குப் போகும். பம்பு அறையிலிருந்து லாரிகள் ஆவடிப் பக்கத்துத் தெருக்களுக்குக் குடிநீர் கொண்டுபோகும். மதகருகே ஓர் அளவுக்கல். அதில் ஐந்தாம் கோட்டைத் தண்ணீர் தொடும்வரை வயலுக்கு விடலாம். கீழே இறங்கிவிட்டால் மதகை மூடிவிட வேண்டும். மிச்சம் குடிக்க மட்டும். தினமும் காலை ஆறு மணிக்கு அப்பா படியிறங்கிப் பார்த்து நோட்டில் எழுதுவார்.

அந்த மாசியில் தண்ணீர் கோட்டை நெருங்கிவிட்டது. அப்பாவின் தங்கைக்குக் கீழே ஒரு துண்டு வயல். கதிர் பால் பிடிக்கும் நேரம். ஒரு மாலை அத்தை கீரைக்கட்டோடு வந்தார்.

"ஒரு தபா நனைஞ்சா போதும்ணா. இப்ப காஞ்சா மொத்தமும் பதர்தான்."

பம்பு அறையருகே லாரியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த டிரைவர் சிரித்தார். "இன்னா அண்ணாத்தே, தங்கச்சி நெல்லுக்கு ஊத்திட்டு எங்களுக்கு சேத்த குடுத்துடாதே."

மறுநாள் காலை அப்பா படியிறங்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கல்லைப் பார்த்துவரச் சொன்னார். பெருமையாக இருந்தது, உடனே பயமும் வந்தது. நல்ல காற்று. அலை வந்தால் தண்ணீர் கோட்டைத் தொட்டது, போனால் கீழே இறங்கியது. இதில் எது அளவு? பத்து அலைகளை எண்ணினேன். ஆறு தொட்டன. மேலே ஓடி வரும்போது ஏழோ என்று சந்தேகம் வந்து, திரும்பிப் போய் மறுபடி எண்ணினேன். இந்த முறை ஐந்து. மூன்றாவது முறை எண்ணத் தைரியம் வரவில்லை.

"தொடுதா?" என்றார் அப்பா.

"தொடுதுப்பா, ஆனா..."

அதற்குள் நோட்டில் எழுதிவிட்டார். மதகின் திருகை எட்டுச் சுற்றுத் திருப்பினார். கால்வாயில் தண்ணீர் இறங்கியது.

அடுத்த நாளும் என்னைத்தான் அனுப்பினார். அன்றும் காற்று. பத்துக்கு இரண்டு அலைகள்தான் தொட்டன. 'தொடுதா' என்று கேட்டால் அதுவும் தொடுவதுதானே என்று நினைத்து, தொடுகிறது என்றே சொன்னேன்.

மூன்றாம் நாள் காற்றே இல்லை. விடிந்ததும் மேலதிகாரி ஜீப்பில் வந்துவிட்டார். தண்ணீர் கோட்டுக்கு நான்கு விரல் கீழே ஆடாமல் நின்றது. நோட்டைப் புரட்டி, யார் பார்த்தது என்று கேட்டார்.

"பொண்ணு பாத்துச்சு சார். கொயந்த, அலையில தப்பா பாத்துடுச்சு."

அதிகாரி என் இரட்டைப் பின்னலைப் பார்த்தார். சிரித்துவிட்டார். இனிமேல் நீயே பார் என்று அப்பாவிடம் சொன்னார். மதகை மூடச் சொன்னார். லாரிகளுக்கும் இனிப் பாதி நடைதான் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

டிரைவர் அன்று சிரிக்கவில்லை. "எங்க தெருவுலயும் கொயந்தங்க கீதுங்க அண்ணாத்தே" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அத்தையின் வயல் நனைந்துவிட்டது. அவர் வந்து என் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். தப்பாகப் பார்த்ததற்கு ஏன் முத்தம்? தப்பு என்றால் எந்த அலையில் தப்பு? பள்ளிக்கூடத்திலும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாலையில் அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டார்: "இன்னாத்துக்கு கொயந்தய மாட்டி வுட்ட?"

"கொயந்தய யாரும் வேலய வுட்டு தூக்க மாட்டாங்க" என்றார் அப்பா.

அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. என் வேலை போகவில்லை. மறுநாள் ஆறு மணிக்கு முன்பே எழுந்து, தலைவாரிக்கொண்டு கரைக்கு ஓடினேன். இந்த முறை இருபது அலைகள் எண்ணுவதாகத் திட்டம். ஆனால் அப்பா எனக்கு முன்பே கடைசிப் படியில் இறங்கிக் குனிந்து கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டேன். நிமிர்ந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் தப்பாகப் பார்த்ததில் அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.