குவைத்துக்குப் போன பாடசாலைச் செய்திகள்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாசிப்பவர்கள் தாங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். அதிலும் சும்மா மடையன் இல்லை, பயிற்சிக் கலாசாலையில் படித்துச் சான்றிதழ் வாங்கிய மடையன். கொரோனாக் காலத்தில் மாதக்கணக்காக, பிள்ளைகளின் தாய் தகப்பனோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நம்பி, யார் எவரென்றே தெரியாத ஆட்களுக்குக் காலை வணக்கமும் ரோசாப்பூவும் அனுப்பிக்கொண்டிருந்தவன் நான்.

எங்கள் பாடசாலை, பெரகலச் சந்தியிலிருந்து தேயிலைக்குள் ஏறிப்போகும் பாதையில், ஒரு தோட்டத்தின் நடுவே இருக்கிறது. நான் இருப்பது பதுளை டவுனில். நாடு மூடப்பட்டபோது, வீடுகளுக்குப் பாடசாலைச் செய்திகளை அனுப்ப ஒரு வட்ஸ்அப் குழு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

“சேர், இதுக்கு நீங்கதான் பொருத்தம்.”

“ஏன் சேர்?”

“ஒங்க போன்தான் பெருசு.”

என் உத்தியோக வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு இதுதான். அதுவும் உடனே தலைக்கேறிவிட்டது. பிள்ளைகள் ஆளுக்கொரு வட்ஸ்அப் இலக்கம் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் குழு அமைத்து, ‘பெற்றோர் வட்டம்’ என்று பெயர் சூட்டி, பாடசாலைக் கட்டடத்தின் முன் நான் நிற்கும் படத்தை முகப்பில் போட்டேன். கட்டடம் கொஞ்சம் தெரியும், நான் நிறையத் தெரிவேன்.

பிறகு எழுத ஆரம்பித்தேன். “அன்பார்ந்த பெற்றோர்களே! பெருந்தொற்றுச் சூழலைக் கருத்திற்கொண்டு, மாணவச் செல்வங்கள் தத்தமது இல்லங்களின் அமைதியான சூழலில் கற்றலைத் தொடர ஆவன செய்யுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.” ஒரே காம்பிராவில் ஏழெட்டுப் பேர் படுத்தெழும்பும், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளான லயத்துக்கு, அடுத்த வீட்டுக்காரர் தும்மினால் இந்த வீட்டில் ‘நூறு வயசு’ என்று வாழ்த்தும் லயத்துக்கு, நான் எழுதிய வாசகம் இது. இதைச் சுற்றி ரோசாப்பூ வரிசை வேறு.

ஆனால் வரவேற்பு என்றால் அப்படி ஒரு வரவேற்பு! செய்தி போன சில நிமிடங்களில் கும்பிட்ட கைகள், கட்டை விரல்கள், ‘நன்றி சேர்’கள், இரண்டொரு இதயங்கள். மலையகத்துப் பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று எவன் சொன்னான் என்று மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“பத்து மணிக்கு மலையில கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க, எந்தக் கையால போன எடுத்து ஒங்களுக்குக் கும்பிடு போடுறாங்க?”

“காலம் மாறிப்போச்சும்மா. முன்னேற்றம்.”

“ஓஹோ” என்றாள். அந்த ஓஹோவுக்கு அப்போது எனக்கு அர்த்தம் விளங்கவில்லை.

திறந்தோம், மூடினோம், மறுபடி திறந்தோம், மறுபடி மூடினோம். ஒரு கட்டத்தில், சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கும் பதினோராம் வகுப்புக்கு மட்டும் பாடசாலையைத் திறக்கலாம் என்று அறிவித்தார்கள். நான் கொடி, தோரணம், குத்துவிளக்கு எல்லாம் போட்டு ஒரு செய்தி அனுப்பினேன். கைகூப்பல் கொட்டியது. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், பாடசாலைச் சுவருக்குப் பக்கத்து லயத்துப் பிள்ளைகள் சிலர் மட்டும் வந்திருந்தார்கள். அவர்களும் கேட் திறந்திருப்பதைக் கண்டு வந்தவர்கள். ஆசிரியர்களிலும் பாதிப் பேரைக் காணோம். பஸ் இல்லையாம்.

அடுத்த நாளும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கும்பிடு போடத் தெரிகிறது, பிள்ளையை அனுப்பத் தெரியவில்லையா? போனை எடுத்து ஒவ்வொரு இலக்கமாக அடித்தேன். முதலில் எடுத்தது ஒரு பெண்.

“சேர்ங்களா? ஐயோ, சேரே எடுத்திருக்கீங்க! ஒங்க மெசேஜ் எல்லாம் ரொம்ப அழகா இருக்குங்க சேர். அந்த ரோசாப்பூவ இங்க மேடத்துக்குக்கூடக் காட்டினேன்.”

“எந்த மேடம்? நீங்க புள்ளையோட அம்மாதானே?”

“இல்லைங்க சேர், சின்னம்மா. நான் குவைத்துல இருக்கேன்.”

“சரி, நான் அனுப்புறத வீட்டுக்குச் சொல்றீங்களா இல்லையா?”

“வீட்ல ஏதுங்க சேர் போன்? அங்க போன் இல்லாததாலதானே எந் நம்பரக் குடுத்தாங்க!”

இதற்கு மேல் என்ன கேட்பது? அடுத்த இலக்கம் மொனராகலையில் கடை வைத்திருக்கும் ஒரு மாமா. அதற்கடுத்தது கொழும்பில் ஒரு சலூன். முடி வெட்டும் சத்தத்துக்கு நடுவே, “பெரியப்பா மவன் பேசுறேன் சேர், எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றது ஒரு குரல். அதற்கும் அடுத்தவர், சில வீடுகளில் இருக்கும் வட்ஸ்அப் இல்லாத சின்னப் போன்களுக்கு ரீலோட் என்று காசு ஏற்றிக் கொடுக்கும் பெரகலச் சந்திக் கடைக்காரர். அவருடைய வட்ஸ்அப்பில் ஒரு பிள்ளைக்கு அவர் தகப்பன், அவருடைய தம்பியின் வட்ஸ்அப்பில் இன்னொரு பிள்ளைக்குத் தம்பி தகப்பன். கலியாணமாகாத தம்பி.

யாரும் பொய் சொல்லவில்லை. சேர் நம்பர் கேட்டார். இல்லை என்று சேரின் முகத்துக்கு நேரே சொல்வது எங்கள் சனத்திடம் மரியாதை இல்லை. ஆகவே சொந்தத்தில் யாரிடம் வட்ஸ்அப் இருக்கிறதோ, அவரைக் கொடுத்தார்கள். சேர் செய்தி அனுப்பினார். பதில் போடாமல் இருப்பதும் மரியாதை இல்லை. ஆகவே குவைத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் கும்பிட்டார்கள். எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டோம். பிள்ளைகளுக்கு மட்டும் பாடசாலை திறந்தது தெரியாது.

அந்த வரிசையில்தான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் பையன் கிடைத்தான். தோட்டத்தின் மேல் பிரிவான மேல் டிவிசனில் இருக்கும் ஒரு பிள்ளையின் அண்ணன். பதினோராம் வகுப்பில் அந்தப் பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். கரும்பலகையில் நான் கணக்கைப் பிழையாகச் செய்தால், வகுப்பு முழுதும் அடக்கமாக அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளும். இவள் மட்டும் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய பார்வையைப் பார்த்துத்தான் நான் விடையைத் திருத்துவேன்.

“தங்கச்சி ஏன் ஸ்கூலுக்கு வர்றதில்ல?”

“ஸ்கூல்தான் மூடிட்டாங்களே சேர். கோழிக்கூட்டுப் பக்கம் பழைய கொப்பியப் பொரட்டிக்கிட்டு சும்மா வீட்ல கெடக்கான்னு அம்மா சொன்னிச்சு. இங்க ஒரு துணிக்கடையில வேலைக்குப் பேசிட்டேன். வெள்ளிக்கெழம மரக்கறி லொறியில வந்துருவா.”

“ஸ்கூல் தொறந்து ரெண்டு வாரமாச்சுப்பா! நான் அனுப்பினேனே! நீ கும்பிடு போட்டியே!”

பின்னால் யாரோ கொத்துரொட்டி கொத்தும் சத்தம் கேட்டது.

“நான் எல்லாத்துக்கும் கும்பிடு போட்டுருவேன் சேர். வேலை நேரத்துல எங்க சேர் வாசிக்கிறது?”

அன்று புதன்கிழமை. அன்று பின்னேரமே சூம் கூட்டம். மேலே சேட், கீழே வீட்டில் கட்டும் சாரம் என்ற பெருந்தொற்றுக் கால உத்தியோக உடையில் உட்கார்ந்து, நடந்ததை எங்கள் மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் என் குழுவைத்தான் மற்றப் பாடசாலைகளுக்கு உதாரணமாகக் காட்டிக்கொண்டிருந்தவர்.

“செய்தி போய்ச் சேர்ந்திருக்குத்தானே சேர்? நீல டிக் விழுந்திருக்கே.”

“அது குவைத்துல விழுந்திருக்கு சேர்.”

“எங்க விழுந்தா என்ன? நாங்க அறிவிச்சிட்டோம். இந்த வாரத்துக்குள்ள வராத புள்ளைகள இடைவிலகல்னு போட்டு அனுப்பிருங்க.”

இடைவிலகல்! என்ன அழகான சொல். பிள்ளை தானாக விலகிப் போனதாம். பாடசாலையை மூடியவர்கள் விலகவில்லை. திறந்ததை அவளிடம் சொல்லாதவர்கள் விலகவில்லை. வீட்டில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் பழைய கொப்பியைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தவள்தான் விலகிவிட்டாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. எழுந்து நின்று கத்தலாம் என்று பார்த்தேன். சாரம் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

கோபத்தோடு சாப்பிட உட்கார்ந்தவனிடம் மனைவி கேட்டாள், “ஏங்க, கொரோனாவுல தோட்டத்துல பெரட்டு நின்னுச்சா?”

நிற்கவில்லை. ஒரு நாளும் நிற்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கொதிக்கிறது. ரயில் நின்றது, பஸ் நின்றது, பதுளைக் கடைத்தெரு வெறிச்சோடியது, கோயில் பூட்டியது, பாடசாலை பூட்டியது. கொழுந்து எடுப்பது மட்டும் நிற்கவில்லை. வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தப் பெரட்டுக்கு, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு, ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு காலையும் வந்து நின்றாள். இன்று எந்த மலை, எத்தனை கிலோ என்ற செய்தி அவளிடம் ஒரு நாளும் தப்பாமல் போய்ச் சேர்ந்தது. அதற்கு வட்ஸ்அப் தேவைப்படவில்லை. தேயிலைக்கு அவள் தேவையானபோது அவள் எங்கே நிற்பாள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் பிள்ளையின் படிப்பு என்றதும்தான் அவளுக்கு விலாசமில்லாமல் போய்விட்டது.

வியாழக்கிழமை விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். அப்புத்தளைப் பனியில் பல் கிட்டிப்போய், மேல் டிவிசன் பெரட்டுக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு வாய் திறக்கவே வரவில்லை. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்ன சேர், கொழுந்து எடுக்க வந்தீங்களா? கூடை இருக்கு, தரவா?”

“ஒரு அறிவித்தல் சொல்லணுங்க.”

“சொல்லுங்க, சொல்லுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள சொல்லுங்க.”

ஒரு கல்லின் மேல் ஏறி நின்றேன். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது. “அன்பார்ந்த பெற்றோர்களே! பெருந்தொற்றுச் சூழலைக் கருத்திற்கொண்டு...”

“யாருங்க சேர் செத்துட்டா?” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

களமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு கல்லைவிட்டு இறங்கி, “ஸ்கூல் தொறந்தாச்சு. பதினோராம் வகுப்புப் புள்ளைகள அனுப்புங்க” என்று சொன்னேன். சிரிப்பு நின்றது.

“எப்பங்க தொறந்தீங்க?”

“ரெண்டு வாரமாச்சு.”

“ரெண்டு வாரமா? எங்களுக்குச் சொல்றதுக்கு என்னங்க?”

“போன்ல அனுப்பினேன்.”

“எந்தப் போன்லங்க? எங்ககிட்ட ஏது வட்ஸ்அப் போன்? லயத்துல யாராச்சும் செத்தா ஓடி வந்து சொல்றீங்க. ஓட்டுன்னா வீடு வீடா வந்து கும்புடுறீங்க. ஸ்கூல் தொறந்தத மட்டும் வானத்துல சொல்வீங்களா?” இது ஒரு தாய். இன்னொருத்தி, “ஏன் சேர், நாங்க காலையில இங்கதான் நிக்கிறோம்னு ஒங்களுக்குத் தெரியாதா?” என்றாள். ஆளாளுக்குக் கேட்டார்கள். இதையெல்லாம் கேட்க வேண்டிய மேலதிகாரி பதுளையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருப்பார். அவருக்குரிய பங்கையும் சேர்த்து நானே வாங்கிக்கொண்டேன். எனக்கு ஆத்திரம் வரவில்லை. அவர்களுக்கு வந்ததைப் பார்த்து ஒருவகை நிம்மதியாக இருந்தது. கும்பிட்ட கைகளைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக ஒருத்தி முன்னால் வந்தாள். கணக்கில் என்னைத் திருத்தும் பிள்ளையின் அம்மா.

“நாளைக்கு லொறிங்க சேர். சாமானெல்லாம் கட்டி வச்சாச்சு. படிக்க வேணாம்னு நான் சொல்லல. ஸ்கூல் இல்லன்னுதான் அனுப்புறேன். இருக்குன்னா அவகிட்ட நீங்களே சொல்லுங்க. எஞ் சொல்லக் கேக்க மாட்டா. ரெண்டு மூணு தடவ தொறக்குறாங்கன்னு நம்பிப் போய், சேர்மாரு யாரும் வராம ஏமாந்து திரும்பினவ.”

கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். பெண்கள் மலைக்கு ஏறினார்கள். நான் லயத்துக்கு இறங்கினேன்.

அவள் லயத்துக்குத் தண்ணீர் விழும் பீலியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளை யூனிபோர்ம் சட்டைதான். கொழும்புக்குப் போகும்முன் பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்குக் கொடுக்கத் துவைக்கிறாளாம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாடசாலை திறந்ததைச் சொன்னேன். குவைத்துச் சின்னம்மா முதல் கலியாணமாகாத தகப்பன் வரை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இடைவிலகல் என்று உன் பேரைப் போட விடமாட்டேன், யார் வந்தாலும் எதிர்த்து நிற்பேன், பரீட்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது, விட்டுப்போன பாடத்தையெல்லாம் முடித்துத் தருகிறேன் என்றேன். படிப்பின் அருமை பற்றி, எங்கள் சனம் முன்னேறுவது பற்றி, பூப்படம் இல்லாத குறையாக ஒரு நீண்ட பிரசங்கமே செய்தேன். அவள் சட்டையை இறுக்கிப் பிழிந்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டு, பேனையைக் கீழே வைத்த அதே பார்வையோடு என்னைப் பார்த்தாள்.

“நான் வருவேன், நீங்க வருவீங்களா சேர்?”