அக்காவின் அரங்கேற்றமும் என் ஒற்றை லென்ஸும்

அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் அக்கா என்னிடம் கேட்டார். பாயான் லெப்பாஸில் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேண்டீனில், மதியச் சாப்பாட்டின்போது. கூடப் பிறந்தவர் இல்லை, வேலையிடத்தில் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர். அவருக்கு வயது நாற்பத்தாறு. கல்யாணத்தோடு விட்டுப்போன பரதத்தை, பிள்ளைகள் வளர்ந்த பிறகு மறுபடி பிடித்துக்கொண்டு, வேலை முடிந்த களைப்போடு ஆறு வருஷம் கற்றவர்.

"போட்டோ எடுக்க வச்சிருந்த ஆளுக்கு டெங்கியாம், ஆஸ்பத்திரில இருக்காரு. நீதான்மா எடுக்கணும்."

"அக்கா, நான் காலைல கடலையும் படகையும் எடுக்கிறவ லா. ஹாலுக்குள்ள எடுத்ததே இல்ல."

"படகு ஆடுது, எடுக்கிற இல்ல? நானும் ஆடத்தான் போறேன்."

மேசையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே நான் ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது.

என்னிடம் இருந்தது ஒரு பழைய கேமரா, அதோடு வந்த லென்ஸ், ஒரே ஒரு பேட்டரி. வெயிலில் குறை சொல்ல முடியாத லென்ஸ்தான். இருட்டில் அதற்குக் கண் தெரியாது. தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் மோசம்.

மண்டபம் ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். நான் போய்ச் சேர்ந்ததும் அக்காவின் குரு என்னைக் கூப்பிட்டார். "ஃபிளாஷ் அடிக்கக்கூடாது. முன்னால நடக்கவும் கூடாது. ஒரே இடத்துல உட்கார்ந்துதான் எடுக்கணும்." மேடையின் இடது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் என் உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர், பின்னால் முக்கிய விருந்தினர்களின் வரிசை. எழுந்து போவதென்றால் மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவேதான் போயாக வேண்டும். யோசிப்பதற்குள் விளக்குகள் அணைந்தன.

புஷ்பாஞ்சலிக்கு அக்கா வந்தார். அழகாக ஆடினார். என் கேமராவின் சின்னத் திரையில் மட்டும் ஒரு சிவப்புப் புகை ஆடியது. விளக்குக்காரர் சிவப்பையும் நீலத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை ஏற்றினேன்; முகத்தில் மணல் தூவியது போல வந்தது. குறைத்தேன், கைகள் காணாமல் போயின. ஜதிஸ்வரம் முடிவதற்குள் நூறு படம் எடுத்திருந்தேன், ஒன்றும் உருப்படியில்லை. வலது கால் மரத்துவிட்டது. நீட்ட இடமில்லை. ஒவ்வொரு நடனம் முடிந்தபோதும் அக்காவின் கணவர் வலது ஓர வரிசையிலிருந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

பிறகுதான் ஒன்று பிடிபட்டது. ஜதியை முடித்துவைக்கும் ஒவ்வொரு தீர்மானத்தின் முடிவிலும் ஒரு நொடி அக்கா அசையாமல் நிற்கிறார். பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயத்தில் எடுத்த படங்களைப் பார்ப்பதை நிறுத்தினேன். மிருதங்கத்தைக் கேட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து, அந்த நொடிக்குக் காத்திருந்தேன். பாதிக்கு மேல் முந்தினேன், அல்லது பிந்தினேன்.

நீண்ட நடனமான வர்ணத்தின் நடுவில் அக்கா நின்றார். தீர்மானம் எதுவும் வரவில்லை. கை பாதி உயர்ந்தபடி, கண் மட்டும் குருவின் பக்கம் திரும்பியது. என் விரல் தானாக அழுத்தியது. தாளத்தில் மூன்று தட்டு போயிருக்கும். குரு அடுத்த ஜதிச் சொல்லைச் சத்தமாக எடுத்துக் கொடுத்தார், அக்கா பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தபோது, எழுநூறு படத்தில் தெளிவாக, கண்ணிமை முடி வரை துல்லியமாக இருந்தது அது ஒன்றுதான். நான் வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படமும் அதுதான்.

இரண்டு வாரம் கேண்டீனுக்கே போகவில்லை. கடைசியில் அக்கா என் மேசைக்கே வந்துவிட்டார். சுமாரானவற்றைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"ஒண்ணு கூடவா நல்லா வரல?"

வேறு வழியில்லாமல் அதைத் திறந்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது நான் மறந்த இடம்."

"ஆமாக்கா."

"வேற யாருக்காவது காட்டினியா?"

"இல்ல."

"அழிச்சிடு மா."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அடுத்த ஞாயிறு காலை செபராங் ஜெயாவில் அவர் வீட்டுக்கு வரச் சொன்னார். போனபோது முழு அலங்காரத்தோடு கார் நிறுத்துமிடத்தில் நின்றார். கணவர் பின்னால் ஒரு கறுப்புத் துணியை விரித்துப் பிடித்திருந்தார். நல்ல காலை வெளிச்சம். இருபது நிமிடத்தில் முடிந்தது. எல்லாமே பளிச்சென்று வந்தன.

தீபாவளிக்கு அக்கா எல்லாரையும் வீட்டுக்கு அழைத்து வைத்த திறந்த இல்ல விருந்துக்குப் போனபோது அந்தக் காலைப் படங்களில் ஒன்று வரவேற்பறைச் சுவரில் பெரிதாக மாட்டியிருந்தது.

"மேடையில எடுத்ததா?" என்று ஒரு பெண்மணி கேட்டார்.

"ஆமா, அரங்கேற்றத்துல," என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். "இவதான் எடுத்தா."

அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஃபிளாஷ் இல்லாம இவ்வளவு கிளியரா! எங்க மகளுக்கு மார்ச்சுல அரங்கேற்றம். நீங்கதான் வரணும் லா."

இருட்டில் எனக்கு எடுக்க வராது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சுவரில் இருப்பது என்ன என்று அடுத்த கேள்வி வரும். அக்கா முறுக்குத் தட்டோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"வரேன்," என்றேன்.