கடைசியில் வைத்த செருப்பு

சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கிப் பழகுவதற்காக, முன்பள்ளிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து ஆளுக்கொரு சோடி செருப்பு கொண்டுவரச் சொல்லியிருந்தேன். நிதுசன் கொண்டுவந்த செருப்பிலிருந்து மணல் கொட்டியது. உப்பும் இறப்பரும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் கொழும்புத்துறைக் கரையில் சிறுமியாக நின்றேன்.

கடலுக்குப் போகிறவர்கள் செருப்புகளைப் பூவரச மரத்தடியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் படகேறுவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிப்போய் அப்பாவின் செருப்புக்குள் கால் வைத்து, குதிக்காலுக்குப் பின்னால் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பேன். ஊரிலேயே பெரிய செருப்பு அதுதான் என்பது என் எண்ணம்.

ஒருநாள் காற்று கிளம்பியது. மற்றவர்கள் கரையேறி, தங்கள் செருப்புகளை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவுடையது மட்டும் கிடந்தது. அம்மா அதன் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி இருந்தார். அன்று நான் கால் வைக்கவில்லை. பொழுதுபடும் நேரத்தில், எஞ்சின் நின்றுபோன அப்பாவின் படகை வேறொரு படகு இழுத்து வந்தது. அப்பா மணலில் ஏறிவந்து செருப்பைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்ன, இண்டைக்கு அளந்து பாக்கேல்லையோ?"

நிதுசன் தன் அப்பாவின் செருப்பை வரிசையின் கடைசியில் வைத்திருந்தான். அதற்கு முன்னால் இருந்த சோடி அதைவிடப் பெரியது. அடிமட்டம் வைத்து அளக்கவே தேவையில்லை, கண்ணுக்கே தெரிந்தது.

"அது பிழை, ரீச்சர்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"அப்பா எங்கையடா?" என்று அவனைக் கேட்டேன்.

"கடலுக்குப் போயிட்டார். பின்னேரம் வருவார்."

"அப்ப, அவர் வருமட்டும் அது அங்கையே கிடக்கட்டும்" என்றேன்.