தோசைக்கல்லில் நாலு பிளக்கு

என் பேரன் காரில் கோளாறு என்றால் ஒரு வயரைச் சொருகி, கையளவு பெட்டியைப் பார்த்து, இன்ன இடத்தில் இன்ன நோவு என்று சொல்லிவிடுகிறான். எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் அப்பாவின் காருக்கு நோவு கண்டுபிடித்தது ஒரு தோசைக்கல். சொன்னால் வீட்டில் ஒருத்தரும் நம்புவதில்லை.

அதைக் கார் என்பதே பாதிதான் உண்மை. முன்பாதி கார், பின்பாதியை அறுத்தெடுத்துவிட்டு அப்பா பலகைப் பெட்டி கட்டியிருந்தார். அதில் வைக்கோல் பரப்பி, எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பைகளையும் ஊறுகாய் ஜாடிகளையும் அடுக்கிக்கொண்டு சேலம், வேலூர் என்று போவார். போனால் மூன்று நாள், நாலு நாள். "முன்னாடி மாப்புள, பின்னாடி மாட்டுவண்டி" என்று சித்தப்பா கிண்டல் பண்ணுவார். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அந்த வண்டி அவருக்கு இன்னொரு பிள்ளை.

அம்மா பீங்கான் கம்பெனியில் கோப்பை தரம் பிரிக்கிற கொட்டகையில் இருந்தாள். கோப்பையை விரலில் தொங்கவிட்டுக் குச்சியால் தட்டுவாள். 'ணங்' என்றால் நல்லது, 'டொக்' என்றால் விரிசல். சந்தேகம் வந்தால் பேனா மையைத் தடவித் துடைப்பாள். விரிசல் இருந்தால் மை உள்ளே இறங்கி, தலைமுடி போல ஒரு கோடு நிற்கும். உறவுக்காரர் வீட்டில் காபி குடித்தாலும் கோப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். அதற்குப் பயந்தே சில வீடுகளில் அவளுக்கு மட்டும் டம்ளரில் கொடுத்தார்கள்.

மாசிமகம் முடிந்த கையோடு வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. கருவேப்பிலங்குறிச்சி தாண்டினதும் இருமும், திக்கும், நின்றுவிடும். அரை மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கிளம்பும். பட்டறைக்குக் கொண்டுபோனாலோ நிற்கவே நிற்காது. மெக்கானிக் பாய் பாயிண்டை மாற்றினார், கண்டன்சரை மாற்றினார், காயிலையும் மாற்றினார். எஞ்சினுக்கு நெருப்பு மூட்டுகிற பிளக்கு நாலையும் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்த்தார். நாலிலும் பளிச்சென்று வந்தது. "நம்ம கண்ணு முன்னாடி நோவு காட்டுனாதான அண்ணே மருந்து குடுக்க முடியும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா தூரப் பயணத்தை விட்டுவிட்டு உள்ளூரையே சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அது திருவிழா மாதம். பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்துவிடுவார். அம்மாவுக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுப்பார். தாயம் ஆடுவார், தோற்கிற மாதிரி இருந்தால் காயைக் கலைத்துவிடுவார். கம்பெனியிலிருந்து வரும்போதே அம்மா பூ வைத்துக்கொண்டு வருவாள்.

அந்த மாதத் தொடக்கத்தில் இன்னொன்றும் நடந்தது. பிளக்குகளை அழுக்குப் போக அப்பா மண்ணெண்ணெய் டப்பாவில் ஊறப் போட்டிருந்தார். காலையில் பார்த்தால் டப்பாவுக்குப் பக்கத்தில் அண்ணனின் மைப்புட்டி கவிழ்ந்து கிடந்தது. பழி என் மேல். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவளுக்கு மை எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. அண்ணன் நறுக்கென்று குட்டினான். அம்மா எனக்கு மட்டும் ஒரு அதிரசம் கூடுதலாகக் கொடுத்தாள். குட்டுக்கு அதிரசம் கிடைக்குமென்றால் தினம் குட்டட்டும் என்று இருந்தேன்.

வியாபாரிகள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். நல்லூர்க்காரர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து விலை பேசி, மறுநாள் வந்து ஓட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா தன் தோள் துண்டாலேயே வண்டியைத் துடைத்தார். சோற்றில் கை வைத்தவர் உண்ணாமல் எழுந்துவிட்டார்.

அம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் பிளக்கு நாலையும் கழட்டிட்டு வாங்க" என்றாள்.

கொண்டுவந்தார். அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, நாலையும் வரிசையாக அதன் மேல் படுக்கவைத்தாள்.

"பாயே பாத்துட்டாரு. ஏன்டி, தோசக்கல்லு நாறிப்போவும்டி."

"பாய் ஆறுனதப் பாத்தாரு. சூளையில வெந்த சாமானுங்க இது. விரிசலு சூட்டுலதான் வாயத் தொறக்கும். ஆறுனா மூடிக்கும்."

பிளக்கின் வெள்ளைப் பீங்கான் நன்றாகக் காய்ந்ததும் இடுக்கியில் பிடித்துக் கரண்டிக் காம்பால் தட்டினாள். முதலாவது ணங். இரண்டாவது ணங். மூன்றாவதை எடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. தட்டினாள். டொக்.

அப்பா சட்டைகூடப் போடாமல் புதுப் பிளக்கு வாங்கப் பட்டறைக்கு ஓடினார். நான் அந்தக் கெட்ட பிளக்கை, சூடு ஆறினதும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அழுக்கோடு அழுக்காக, முடி போல ஒரு கறுநீலக் கோடு.

"அம்மா, இதுல மை இருக்குது. இப்ப நீ மையே தடவலியே."

"போயி தண்ணி மொண்டா" என்றாள். சொல்லிவிட்டு என் தலையைத் தடவினாள், அண்ணன் குட்டின இடத்தில்.

மை கவிழ்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அப்படியானால் அம்மாவுக்கு ஒரு மாதமாகவே தெரியும். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது, எனக்கும் கல்யாணமாகி, லாரி ஓட்டுகிற வீட்டுக்காரரை வாசலில் நின்று வழியனுப்பிய ஒரு நாளில்தான்.

அன்று எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வண்டி ஸ்ரீமுஷ்ணம் வரை போய் ஒருமுறைகூட நிற்காமல் திரும்பியது. நல்லூர்க்காரரை டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை அப்பா கோப்பைகளை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பினார். ஆரன் அடித்துக்கொண்டே தெருவைத் தாண்டினார். நானும் அண்ணனும் முனை வரை ஓடிக் கையாட்டிவிட்டுத் திரும்பி வந்தோம்.

அம்மா தோசைக்கல்லைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல் எப்போதோ பளபளவென்று ஆகிவிட்டது. அவள் நிமிராமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினேன்.