எஃப்.சி. பெயிண்டோடு ஒரகடம் பாதையில்

பழைய லாரி ஒன்று வாங்கப்போவதாகவும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு லோடு அடித்தால் கட்டுப்படியாகுமா என்றும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இப்போதைய ரோட்டைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள், அது வழுவழுவென்று கிடக்கிறது. நான் போன 1991-ஐச் சொல்கிறேன். ரோட்டால் அல்ல, வண்டியால் நாசமான பயணம் அது.

லாரி எங்களுடையது. ஓட்டுவது என் வீட்டுக்காரர். க்ளீனர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் நானே ஏறிக்கொண்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்கு மரப்பெட்டிகள். மதியம் ஒரு மணிக்குள் கேட்டுக்குள் போய்விட்டால் இனி மாத லோடு எங்களுக்கே என்று பேச்சு. இல்லையென்றால் வண்டியை விற்றுவிட்டு, இவர் அடுத்தவன் லாரிக்கு டிரைவராகப் போகவேண்டியதுதான். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். வழியில் டீ குடித்துவிட்டே போகலாம் என்றார் இவர்.

முந்தின வாரம்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியை எஃப்.சி.க்கு, அதாவது ஓடத் தகுதியானது என்கிற சான்றிதழுக்குக் காட்டியிருந்தோம். அதற்காக, எல்லா லாரிக்காரர்களும் செய்வதுபோல, அடிச்சட்டமான சேசிஸ், டீசல் டேங்க், அதன் மூடி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயிண்ட் அடித்தாயிற்று. வண்டி கல்யாணப் பெண்ணாட்டம் நின்றது.

ஒரகடம் தாண்டுவதற்குள் வேலையைக் காட்டியது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது. ஹாரன் தொண்டை கட்டியவன்போல் முனகுகிறது. நின்றபடி இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டால் வண்டி குலுங்குகிற குலுக்கலில் என் பற்கள் தாளம் போட்டன. வல்லக்கோட்டைக்குத் திரும்புகிற இடத்தில் இன்ஜின் அடியோடு நின்றுவிட்டது. செல்ஃப் ஸ்டார்ட்டரைப் போட்டால் 'டொக்' மட்டும்தான்.

டீசல் லைனில் காற்று புகுந்துவிட்டது என்றார் இவர். ஃபில்டர் ஸ்குருவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்தார். வயலில் இருந்தவர்கள் வந்து தள்ளிவிட்டார்கள். மூன்று கிலோமீட்டர் ஓடி, மறுபடி நின்றது. மறுபடி அதே பூசை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம். போகிறவர் வருகிறவரெல்லாம் ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள்: நாசில் போச்சு, பம்பு போச்சு, பேட்டரி போச்சு. ஒரு பெரிய மனுஷர் எங்கள் நேரமே சரியில்லை என்றார். பக்கத்திலேயே வல்லக்கோட்டை முருகன் கோவில் இருந்தும் நான் கையெடுத்துக் கும்பிடவில்லை. அவ்வளவு கோபம்.

மூன்றாம் முறை நின்றபோது, டீசலைக் குச்சி விட்டுப் பார்க்க இவர் டேங்க் மூடியைத் திறந்தார். டேங்க் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தவர் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போவதற்கு மூடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதைப் பெயிண்ட் அடைத்திருந்தது. டீசல் வர வழியில்லாமல்தான் இன்ஜின் திணறியிருக்கிறது. அப்படியென்றால் ஹாரன், இண்டிகேட்டர் கோளாறும் பெயிண்டால்தான் என்று உடனே சேசிஸுக்குக் கீழே புகுந்தார். பேட்டரி எர்த் ஒயரைக் கழற்றி, பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்டின் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தார்கள் புண்ணியவான்கள். ஒயர் இரும்பைத் தொட்டால்தானே கரண்ட் போகும்! ஓட்டையை ஆணியால் குத்தி, பெயிண்டை பிளேடால் சுரண்டி, பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. ஒரே செல்ஃபில் வண்டி பிடித்துக்கொண்டது.

கேட்டுக்குப் போனபோது ஒன்றரை. ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் வெளியே வந்தார். வழியில் பட்ட பாட்டையெல்லாம் நான்தான் சொன்னேன். அவர் லாரியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்னாம்மா, வண்டி ஷோரூம்லர்ந்து வந்தா மாதிரி கீது. இது மூணு தபா நின்னுச்சுன்னா எவன் நம்புவான்? வூட்ல தூங்கிகினு இருந்தோம்னு சொல்லு."

பெட்டிகளை மறுநாள் இறக்கிக்கொண்டார்கள். மாத லோடு வேறொருவருக்குப் போனது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். எஃப்.சி.க்குப் பெயிண்ட் அடித்த பிறகு டேங்க் மூடியைக் கழற்றி ஓட்டையைப் பாருங்கள், எர்த் போல்ட்டின் அடியில் சுரண்டுங்கள். லோடு ஏற்றுவதற்கு முன் காலி வண்டியை ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். யார் என்ன சொன்னாலும் பளபளப்பை நம்பாதீர்கள்.

அடுத்த மாதமே இவர் அடுத்தவன் லாரியில் ஏறினார். எங்கள் வண்டியை வாங்க வந்தவர் இன்ஜினைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. கதவைத் தடவிப் பார்த்து, "நல்லா வெச்சிகினு கீறீங்க" என்று பாராட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.