குழாய்ச் சூட்டை விற்றவள்

அலுவலகத்தில் அவளுக்குச் 'சூட்டுக்காரி' என்று பெயர். முன்கோபத்துக்காக வைத்த பெயரில்லை. அவள் விற்றது சூட்டைத்தான். தீப்பெட்டி அளவில் ஒரு தகடு. ஒரு பக்கம் சுட வேண்டும், மறுபக்கம் ஆறியிருக்க வேண்டும். அப்போது அதிலிருந்து கொஞ்சம் மின்சாரம் வரும். போகிற இடத்திலெல்லாம் ஒரு டம்ளர் வெந்நீர் கேட்பாள். தகட்டை அதன்மேல் வைத்ததும் அதில் பொருத்திய குட்டி விசிறி சுற்றும். எல்லோரும் குழந்தைகள் மாதிரி சிரிப்பார்கள். யாரும் வாங்க மாட்டார்கள்.

"இதுல போன் சார்ஜ் ஆகுமா?" என்று கேட்டார் ஒரு ரொட்டிக்கடை முதலாளி.

"ஆகும் சார்."

"எப்போ? என் பேரன் காலத்துலயா?"

உடம்புச் சூட்டில் ஓடும் கைப்பட்டையை நோயாளிகளுக்குக் கட்டலாமென்று மருத்துவமனைக்குப் போனாள். போர்வைக்குள் கை போனதும் மறுபக்கமும் சூடாகிப் பட்டை அணைந்தது. "ஊரெல்லாம் சூடு வீணாப் போகுது, வாங்கத்தான் நாதியில்ல" என்று அவளுடைய முதலாளி தலையில் கைவைத்தார்.

வழி காட்டியது அண்ணன். அண்ணன், அண்ணியோடு ஒரே வீட்டில்தான் அவள் இருந்தாள். காகித ஆலையில் நீராவிக் குழாய்களைச் சுற்றிவந்து பார்ப்பது அண்ணனின் வேலை. இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வில் ஊன்றி, மறுமுனையைக் காதோரம் வைத்துக் கேட்பார். நல்ல வால்வு விட்டுவிட்டு இருமும். கெட்டுப்போனது ஓயாமல் சீறும்.

"மேல் குழாய்ல வால்வு சத்தத்தக் கேக்குற சென்சார் வச்சாங்க, சூட்டுல பேட்டரி செத்துப்போச்சு" என்றார். "உன் தகட்ட ஒட்டுனா குழாயே அதுக்குச் சோறு போட்டுரும். எனக்கும் ஏணி ஏறுற பாடு மிச்சம். வா, மேனேஜர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிப் போனார். எந்த இடத்தில் காற்று வீசி மறுபக்கம் ஆறும் என்று தானே ஏறிக் காட்டினார். தகடுகள் ஓடின. மேனேஜர் ஆர்டரை எடுத்து வைத்தார்.

"குழாயச் சுத்தி வர்றவங்கள மாசக் கடைசியோட நிறுத்திடலாம். அதச் சொல்லித்தான் மேலிடத்துல ஒப்புதல் வாங்கினேன்."

"சார், இந்த யோசனையே எங்கண்ணன் கொடுத்ததுதான்..."

"தெரியும்மா. தங்கமான மனுஷன். ஆனா ஒருத்தர மட்டும் எப்படி வச்சுக்க முடியும்?"

அவள் எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் சொன்னாள். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க கையாலயே ஏத்தி விட்டீங்களே" என்றாள் கணவனைப் பார்த்து. அண்ணன், "சோத்தப் போடு" என்றார். அன்றிலிருந்து அண்ணி அவளிடம் முகம் கொடுக்கவில்லை.

முதலாளியிடம் சண்டை பிடித்து, அண்ணனுக்குத் தகடு பொருத்தும் வேலையை வாங்கிக் கொடுத்தாள். ஒரு ஆலை வாங்கியதும் மற்ற ஆலைகளும் கேட்க ஆரம்பித்திருந்தன. அண்ணன் போகிற இடங்களில் எல்லாம் அவரைப் போலவே கம்பியும் காதுமாகத் திரிகிறவர்கள் இருந்தார்கள். வந்த அன்று டீ வாங்கித் தருவார்கள். இவர் எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தபின் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்கள். அதைப் பற்றி வீட்டில் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

துணிகளுக்குச் சாயம் போடும் ஆலையொன்றில் இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் நீராவி கசியாமலிருக்க நடுவே வைத்த அட்டை இற்றுப்போயிருந்தது. சுற்றி வருகிறவர்களுக்கு அது தெரியும். அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தார்கள். புதிதாக யார் வந்தாலும், "அந்த முக்குக்குப் போயிடாதப்பா" என்று முதலில் அதைத்தான் சொல்வார்கள். அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை. அவர் சாய்ந்து தகட்டைப் பொருத்தும்போது பிளந்துகொண்டு நீராவி பீறிட்டது. வலது கையும் கழுத்தும் வெந்துபோயின.

மருத்துவமனைக்கு அந்த ஆலையில் சுற்றி வருகிறவர்களில் ஒருவர் வந்தார். கட்டிலருகே வராமல் கதவோடு நின்றார்.

"தெரியும்ண்ணே. வாயைத் திறக்கல. சொல்லியிருக்கணும்."

அண்ணி வெறிகொண்டு எழுந்தாள். அண்ணன் இடது கையால் அவள் சேலையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார் அவரிடம். "போ, டூட்டிக்கு நேரமாகுது."

சுவரோரம் நின்றிருந்த தங்கைக்குத்தான் அதைக் கேட்கத் தாங்கவில்லை. வெளியே போய்விட்டாள்.

அண்ணனின் விரல்கள் பிறகு மடங்கவில்லை. சாய ஆலையோ முன்பைவிட அதிகமாகத் தகடுகள் கேட்டது. அவளுடைய முதலாளிக்கு அதில் ஒரு யோசனை பிறந்தது.

"போற இடமெல்லாம் இதச் சொல்லு. ஆளு போனா ஆபத்து, தகடு போனா ஒண்ணும் ஆகாது. நெஞ்சுல தைக்கும்."

"எங்கண்ணன் கையக் காட்டி விக்கச் சொல்றீங்களா? மாட்டேன் சார்."

அவர் வற்புறுத்தவில்லை. வேறொருவரை வைத்துச் சொல்லவைத்தார். சரக்கு நன்றாகவே விற்றது.

வேலையை விட அவளால் முடியவில்லை. வீட்டில் இப்போது சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். அண்ணி பேசுகிறாள், அரிசி தீர்ந்தது, கட்டு மாற்ற வேண்டும் என்கிற அளவுக்கு.

புது ஆலைக்குப் போனால் ஏணி சாத்துவதற்கு முன் சுற்றி வருகிறவர்களைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். "இத மாட்டுனா உங்க வேலை போயிரும், பொய் சொல்ல வரல" என்கிறாள். "ஏறப் போறவன் உங்கள மாதிரி ஒருத்தன். எந்த முக்கு மோசம்னு மட்டும் சொல்லுங்க." சிலர் சொல்கிறார்கள். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போகிறவர்களை அவள் திரும்பக் கூப்பிடுவதில்லை.